"நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்": திரித்துவத்தை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிச் சொல்வது?

கேள்வி: கல்லூரியில் என் இஸ்லாமிய நண்பன் கேட்கிறான். "கடவுள் ஒருவர் என்கிறீர்கள். பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவி கடவுள் என்றும் சொல்கிறீர்கள். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்றுதானே?" தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிப் பார்த்தேன். அவன் ஏற்கவில்லை, எனக்கும் திருப்தி இல்லை. திரித்துவம் என்ற சொல்லே பைபிளில் இல்லை, கான்ஸ்டன்டைன் மன்னர் புகுத்தியது என்றும் சொல்கிறான். எப்படி விளக்குவது?

பதில்:

உங்கள் நண்பர் தண்ணீர் உதாரணத்தை ஏற்காததில் தப்பே இல்லை. அந்த உதாரணம் தவறானது. நானும் ஓய்வுநாள் பள்ளியில் பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். டம்ளரில் தண்ணீர், கிண்ணத்தில் ஐஸ், அடுப்பில் ஆவி பறக்கும் பாத்திரம். பிள்ளைகளுக்குப் பிடித்தும் இருந்தது. கெத்செமனே பாடம் வந்த வாரம்தான் எனக்கு உறைத்தது. அந்தத் தோட்டத்தில் இயேசு முகங்குப்புற விழுந்து, "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபிக்கிறார். பனிக்கட்டி நீராவியைப் பார்த்து "உம்முடைய சித்தம்" என்று சொல்லுமா? தண்ணீர் உதாரணத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டால், இயேசு அந்த இரவில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும். அந்த வேதனையே ஒரு நடிப்பாகிவிடும்.

ஒரே கடவுள் ஒரு நேரம் பிதாவாக, ஒரு நேரம் குமாரனாக, ஒரு நேரம் ஆவியாக வேஷம் மாற்றுகிறார் என்ற இந்தக் கருத்து மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபேலியுஸ் என்பவர் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. திருச்சபை அதை அப்போதே தள்ளிவிட்டது. "ஒரே மனிதர் வீட்டில் அப்பா, அலுவலகத்தில் மேனேஜர், அம்மாவுக்கு மகன்" என்ற உதாரணமும் அதே குழியில்தான் விழுகிறது. நுங்குக் காயில் மூன்று கண் என்றால் வேறு தப்பு வருகிறது: ஒவ்வொரு கண்ணும் நுங்கில் ஒரு பங்குதான், ஆனால் குமாரன் கடவுளில் மூன்றில் ஒரு பங்கு என்று எந்தக் கிறிஸ்தவரும் நம்புவதில்லை. ஒரே குடும்பத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் என்றால் அது நேராக மூன்று கடவுள்களில் கொண்டுபோய் விடும்.

சரி, கணக்குக் கேள்விக்கு வருவோம். "ஒருவர்" என்பதையும் "மூவர்" என்பதையும் ஒரே அர்த்தத்தில் சொன்னால்தான் முரண்பாடு. ஒரு கடவுள் இருக்கிறார், அதே சமயம் மூன்று கடவுள்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் அது பிதற்றல். சபை அப்படிச் சொல்லவில்லை. "என்ன?" என்று கேட்டால் ஒன்றே, ஒரே தெய்வத்துவம். "யார்?" என்று கேட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. தர்க்கப்படி இதில் மோதல் இல்லை. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால் உங்கள் நண்பருக்கு இது வக்கீல் வாதம் மாதிரிதான் இருக்கும். இவ்வளவு சிக்கலாக ஒன்றைச் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு, ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

இயேசுவின் முதல் சீடர்கள் எல்லோரும் யூதர்கள். காலையும் மாலையும் அவர்கள் சொல்லி வளர்ந்த வாக்கியம் உபாகமம் 6:4. "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." சிலைக்கு முன் தலைகுனிவதைவிடச் சாவது மேல் என்று நினைத்த சமூகம் அது. ஒரே கடவுள் என்பதில் உங்கள் நண்பருக்கு இருக்கும் வைராக்கியத்துக்குக் கொஞ்சமும் குறையாத வைராக்கியம் அவர்களுக்கு இருந்தது. அப்படிப்பட்டவர்கள்தான் தங்களோடு சாப்பிட்டு, நடந்து, சிலுவையில் செத்துப்போன ஒரு நாசரேத்துத் தச்சரை நோக்கி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். உயிர்த்தெழுந்தவரைக் கண்ட தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார். நம் ஊர் மயிலாப்பூரோடு மரபு சேர்த்துப் பேசுகிற அதே தோமா. ஒரு யூதர் வாயிலிருந்து இன்னொரு மனிதரைப் பார்த்து இந்த வார்த்தை வந்திருக்கிறது என்பதை நாம் மிகச் சுலபமாகக் கடந்துபோய்விடுகிறோம்.

அவர்கள் "சரி, இனி இரண்டு கடவுள்" என்று சொல்லியிருக்கலாம். ரோமப் பேரரசில் அது ரொம்ப எளிது, யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல மறுத்தார்கள். பவுல் ஏறத்தாழ 55ஆம் ஆண்டில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிலைகளுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது எழுதுகிறார்: "பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு, அவராலே சகலமும் உண்டாயிருக்கிறது... இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு. அவர்மூலமாய்ச் சகலமும் உண்டாயிருக்கிறது."

இந்த வாக்கியத்தை உபாகம வசனத்தின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "தேவன்", "கர்த்தர்", "ஒருவர்" என்ற அதே மூன்று சொற்கள். பவுல் தன் மக்களின் அடிப்படை அறிக்கையையே எடுத்து, "தேவன்" என்ற சொல்லைப் பிதாவுக்கும் "கர்த்தர்" என்ற சொல்லை இயேசுவுக்கும் கொடுத்திருக்கிறார். ஒரே கடவுள் என்ற அறிக்கைக்கு வெளியே இயேசுவை வைக்கவில்லை, அதற்கு உள்ளே வைத்துவிட்டார். உருவ வழிபாட்டுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே இதைச் செய்கிறார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். இதை அவர் புதிதாக வாதாடி நிறுவவும் இல்லை, வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம் மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார்.

இது, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325இல் கூட்டிய நிசேயா சங்கம் என்ற ஆயர்கள் கூட்டத்துக்குச் சுமார் 270 ஆண்டுகள் முன்னால். ஆகவே கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தார் என்பது நிற்காது. வெளியாள் சாட்சியும் உண்டு. பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, ஏறக்குறைய 112ஆம் ஆண்டில் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வத்தைப் பாடுவதுபோல் பாடுகிறார்கள் என்று குறிப்பிடுகிறார். அவருக்குக் கிறிஸ்தவர்கள் மேல் எந்தப் பாசமும் இல்லை. விசாரணை செய்து தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தவர்.

சொல் பைபிளில் இல்லை என்பது உண்மைதான். அந்தியோக்கியாவின் தெயோபிலு சுமார் 180இல் கிரேக்கத்தில் "திரியாஸ்" என்று எழுதுகிறார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 213 வாக்கில் லத்தீனில் "திரினிதாஸ்" என்கிறார். அதற்கு ஈடாக நாம் சொல்வது திரித்துவம். கத்தோலிக்கர்கள் மூவொரு கடவுள் என்பார்கள். சொல் பின்னால் வந்தது, பொருள் முன்னால் இருந்தது. இலக்கண நூல் எழுதப்படும் முன்பே மக்கள் இலக்கணத்தோடு பேசுகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி.

இனி ஆரியுஸ். அலெக்சாந்திரியாவில் பிரபலமான போதகர். 318 வாக்கில் அவர் சொன்னது இது: குமாரன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர்தான், ஆனால் அவரும் படைக்கப்பட்டவரே; அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது. இவரை முட்டாள் என்றோ கெட்டவர் என்றோ நினைக்க வேண்டாம். கடவுளின் ஒருமையைக் காப்பாற்றத்தான் அவரும் போராடினார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனம் அவர் பக்கம் இருப்பதுபோலவும் தெரியும். (அந்த வசனத்தைச் சபை, குமாரன் மனிதராகித் தம்மைத் தாழ்த்திய நிலையில் வைத்து வாசித்தது, பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தைச் சேர்த்துப் படித்தால் விளங்கும்.)

ஆரியுஸுக்குக் கிடைத்த பதில்களில், பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் சொன்ன ஒன்று தமிழில் நினைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. "அப்பா" என்பது முறைப்பெயர். "கொத்தனார்" மாதிரியோ "ராஜா" மாதிரியோ அது தொழிலையோ பதவியையோ குறிப்பதில்லை. முறைப்பெயர் தனியாக நிற்காது. மாமா என்றால் மருமகன் இருக்க வேண்டும், அக்கா என்றால் தம்பியோ தங்கையோ இருக்க வேண்டும். பிள்ளை இல்லாமல் யாரும் அப்பா இல்லை. அப்படியானால், குமாரன் இல்லாத ஒரு காலம் இருந்தது என்றால், பிதா பிதாவாக இல்லாத ஒரு காலமும் இருந்தது என்று ஆகும். நாம் "பிதாவே" என்று கூப்பிடுவது அவருடைய நிஜப் பெயராக இருக்காது, நடுவில் கிடைத்த பட்டமாகிவிடும். கடவுள் என்றென்றைக்கும் பிதா என்றால், குமாரனும் என்றென்றைக்கும் குமாரன்தான்.

நம் வீடுகளில் அப்பா முந்தி, பிள்ளை பிந்தி என்பது நாம் காலத்துக்குள் இருப்பதால் வருவது. சூரியன் எவ்வளவு காலமாக இருக்கிறதோ அவ்வளவு காலமாக அதன் ஒளியும் இருக்கிறது. ஆனாலும் ஒளி சூரியனிலிருந்துதான் வருகிறது, சூரியன் ஒளியிலிருந்து வருவதில்லை. அத்தனாசியுஸ் இதையும் சொன்னார். இந்த உதாரணமும் ஒரு எல்லைவரைதான் வரும், ஏனென்றால் ஒளி சூரியனோடு பேசாது. உதாரணம் சொல்லும்போது எது வரை வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் ஏமாற மாட்டார்.

325இல் நிசேயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக் ஊரில், சுமார் 300 ஆயர்கள் கூடினார்கள். (பிளினி ஆண்ட அதே பித்தினியா பகுதிதான்.) குமாரன் "பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுடையவர்" என்று அறிக்கை எழுதினார்கள். குயவர் பானையைச் செய்கிறார், பானை குயவராவதில்லை. குயவருக்குப் பிறக்கும் பிள்ளையோ அவரைப் போலவே முழு மனிதர். "பிறந்தவர்" என்ற சொல் சொல்ல வந்தது அவ்வளவுதான். உடல் சார்ந்த பிறப்பு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. இதை உங்கள் நண்பரிடம் அழுத்தமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் பல இஸ்லாமிய நண்பர்களுக்கு உண்மையான இடறல் அந்த இடத்தில்தான். மரியாள் அந்த மூவரில் ஒருவர் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கான்ஸ்டன்டைன் சங்கத்தைக் கூட்டினார், அது உண்மை. ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். சில ஆண்டுகளிலேயே அரண்மனையின் தயவு ஆரியுஸ் பக்கம் திரும்பியது. 337இல் கான்ஸ்டன்டைன் சாகும் தறுவாயில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸுக்கு ஆதரவாக இருந்த நிக்கோமேதியாவின் யுசேபியு. அடுத்து வந்த மகன் கொன்ஸ்தான்சியு நிசேயாவின் அறிக்கைக்கு எதிராகவே நின்றார். நிசேயாவுக்காகப் போராடிய அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார், ஆயராக இருந்த காலத்தில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஊரை விட்டு வெளியே கழிந்தன. அரசன் திணித்த கொள்கை என்றால் அந்தக் கொள்கைக்காரரையே அரசர்கள் இத்தனை முறை துரத்தியிருக்க வேண்டியதில்லை.

பரிசுத்த ஆவியானவரைப் பற்றிய தெளிவு 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில் முழுமையடைந்தது. அதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் கப்பதோக்கியாவின் ஆயர் பசிலியு. அவருடைய வாதம் ஞானஸ்நானத்திலிருந்து வருகிறது: பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் "நாமத்திலே" என்று மத்தேயு 28:19 சொல்கிறது, நாமங்களிலே என்று சொல்லவில்லை. படைப்பு ஒன்றின் பெயரைக் கடவுளின் பெயரோடு சேர்த்து யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஆவியானவர் ஏதோ ஒரு சக்தி, மின்சாரம் மாதிரி, என்று நம் சபைகளிலேயே பலர் நினைக்கிறார்கள். மின்சாரம் துக்கப்படாது. ஆவியானவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதுகிறார்.

அடுத்து, தமிழில் நாம் எல்லோரும் இடறுகிற ஒரு சொல்: "ஆள்". மூன்று ஆட்கள் என்று ஞானோபதேசத்தில் படித்திருப்பீர்கள். பஸ்சில் மூன்று ஆட்கள் என்றால் மூன்று டிக்கெட், மூன்று உடம்பு, மூன்று தனி மனசு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கடவுளுக்குப் போனால் மூன்று கடவுள்கள்தான் வருவார்கள். இந்த "ஆள்" என்ற இடத்தில் கிரேக்கர் "ஹிப்போஸ்தாசிஸ்" என்றார்கள், லத்தீன்காரர் "பெர்சோனா" என்றார்கள், ஒருவர் சொல் மற்றவருக்குச் சந்தேகம் தந்தது. அகஸ்தீன் திரித்துவம் பற்றிய தன் பெரிய நூலில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார்: "மூன்று" என்றால் மூன்று என்ன என்று கேட்டால் மனித மொழி ஏழையாகிவிடுகிறது, "பெர்சோனா" என்று சொல்வது அதை விளக்கிவிட்டோம் என்பதற்காக அல்ல, வாய் மூடி இருக்கக்கூடாது என்பதற்காக. இவ்வளவு பெரிய அறிஞர் இப்படிச் சொல்லியிருக்கும்போது நாமும் தைரியமாகச் சொல்லலாம்.

பசிலியுவின் தம்பி, நிசாவின் கிரகோரி, இன்னும் கூர்மையாகப் பார்த்தார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனிதத் தன்மை ஒன்றே, ஆனாலும் மூன்று மனிதர் என்கிறோமே, ஏன் மூன்று கடவுள் என்று சொல்லக்கூடாது என்று அவரிடம் ஒருவர் கேட்டார். உங்கள் நண்பர் கேட்கிற அதே கேள்வி, பதினாறு நூற்றாண்டுக்கு முந்தியே. கிரகோரியின் பதில்: மூன்று மனிதர் ஒரே தொழில் செய்தாலும் தனித்தனியாகச் செய்கிறார்கள். மூன்று விவசாயிகள் என்றால் மூன்று உழவு. கடவுளின் செயலோ ஒன்றே. அது பிதாவிடம் தொடங்கி, குமாரன் வழியாக வந்து, ஆவியில் நிறைவேறுகிறது. மூவருக்கும் இடையில் பிரித்துக் கொடுத்த வேலைப் பட்டியல் எதுவும் இல்லை.

மும்மூர்த்திகளோடு ஒப்பிட்டு யாராவது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழிலால் பிரித்துச் சொல்வது அங்கே வழக்கு. கிறிஸ்தவ உபதேசத்தில் படைப்பு, மீட்பு எதுவும் மூவரில் ஒருவரின் தனி இலாகா கிடையாது. இதைவிட நெருக்கமான ஒப்பீட்டை வங்காளத்துப் பிரம்மபாந்தவ் உபாத்யாய் 1898இல் எழுதிய சச்சிதானந்தத் துதியில் முயன்றார்: சத் பிதா, சித் வார்த்தையாகிய குமாரன், ஆனந்தம் ஆவி. குளித்தலைக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் 1950இல் தொடங்கிய சாந்திவனத்துக்கும் சச்சிதானந்த ஆசிரமம் என்றே பெயர். எனக்கு அந்த முயற்சி மேல் மரியாதை உண்டு, ஆழமானது. ஆனால் இருப்பு, அறிவு, ஆனந்தம் ஆகியவை ஒன்றையொன்று "நீர்" என்று கூப்பிடுவதில்லை. "உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர்" என்று யோவான் 17இல் இயேசு பிதாவிடம் சொல்வது அதற்குள் தானாக வந்துவிடாது.

தமிழ் நமக்கு இடறலாக இருக்கும் இடம் "ஆள்" என்றால், கைகொடுக்கும் இடம் யோவான் 10:30. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்." ஒருவராயிருக்கிறோம் என்று இல்லை, ஒன்றாயிருக்கிறோம் என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். மூலத்திலும் அப்படியே: அந்த "ஒன்று" கிரேக்கத்தில் அஃறிணை வடிவம். தெர்த்துல்லியன் லத்தீனில் இதைச் சுட்டிக்காட்டி, "ஒருவர்" என்று சொல்லவில்லை கவனியுங்கள் என்றார். அகஸ்தீன் அதே வசனத்தை இரண்டாகப் பிரித்தார்: "ஒன்று" என்பது ஆரியுஸுக்குப் பதில், "இருக்கிறோம்" என்ற பன்மை சபேலியுஸுக்குப் பதில். தமிழில் ஒரே சொல்லாகச் சேர்ந்து நிற்கிற அந்த "ஒன்றாயிருக்கிறோம்" என்பதை வகுப்பில் பலகையில் எழுதி, நடுவில் கோடு போட்டுக் காட்டுவேன்.

ஒரு எச்சரிக்கை. விவாதத்தில் 1 யோவான் 5:7ஐ எடுக்காதீர்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடும்போலத் தெரியும். ஆனால் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. லத்தீன் மரபிலிருந்து உள்ளே வந்தது. எராஸ்மஸ் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை, 1522 பதிப்பில்தான் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்புகள் விட்டுவிடுகின்றன. நிசேயாவில் கூடியவர்கள் அந்த வரியை நம்பி வாதாடவில்லை. நமக்கும் அது தேவையில்லை. தெரிந்தே பலவீனமான ஆதாரத்தைக் காட்டுவது நண்பருக்கும் நியாயமில்லை, சத்தியத்துக்கும் நியாயமில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு, கடவுள் எப்படி மூவராக இருக்கிறார் என்பதை முழுவதும் புரிந்துகொண்டோமா என்றால், இல்லை. சபையின் அறிக்கை அதற்காக எழுதப்பட்டதும் இல்லை. கிணற்றைச் சுற்றிக் கட்டிய கைப்பிடிச் சுவர் மாதிரி அது. இந்தப் பக்கம் சாய்ந்தால் மூன்று கடவுள்கள், அந்தப் பக்கம் சாய்ந்தால் வேஷம் போடும் ஒரு கடவுள் என்று காட்டுகிறது. தண்ணீர் கிணற்றில் இருக்கிறது, சுவரில் இல்லை.

இப்போது பிள்ளைகளுக்கு நான் ஐஸ் கட்டி கொண்டுபோவதில்லை. நம் வீடுகளில் ராத்திரி ஜெபத்தை எப்படி முடிப்பீர்கள் என்று கேட்பேன். எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "இயேசுவின் மூலம் ஜெபம் கேளும், எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்." யாரிடம் ஜெபிக்கிறோம்? பிதாவிடம். யார் மூலம்? இயேசு மூலம். ஜெபிக்க வார்த்தை வராத நாளில்? அங்கே ரோமர் 8:26ஐத் திறப்பேன்: "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." கடவுளை நோக்கிப் பேசுகிறோம், கடவுள் வழியாகப் பேசுகிறோம், நமக்குள் இருந்து பேசவைப்பவரும் கடவுளே. மூன்று கடவுள்களிடம் ஜெபித்தோம் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றியதில்லை.

நண்பரிடம் பேசும்போது கணக்கை ஒதுக்கிவைத்து, உபாகமம் 6ஐயும் 1 கொரிந்தியர் 8ஐயும் அடுத்தடுத்துத் திறந்து இருவருமாகப் படியுங்கள். ஒரே கடவுள் என்பதில் அவர் வைத்திருக்கும் உறுதிக்காக அவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள், அது நமக்கும் முதல் வரிதான். அப்புறம் அவரிடமே கேளுங்கள்: இந்த முதல் வசனத்தைச் சொல்லி வளர்ந்த ஒரு யூதர், இரண்டாவது வசனத்தை எழுத வேண்டுமென்றால் அவருக்கு என்ன நடந்திருக்க வேண்டும்?